பழைய கேசட் செட்டுக்கு ஆக்ஸ் ஒயர்: மூன்று வார அலைச்சல்

அப்பாவின் கார் 2004 மாடல் மாருதி ஜென். அதில் இருக்கும் கேசட் செட், சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. ஐரோப்பிய கம்பெனி, ஆட்டோ ரிவர்ஸ் (ஒரு பக்கம் முடிந்ததும் தானாக மறுபக்கம் பாடும்). அப்பாவிடம் நாற்பது கேசட்டுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்றில் பாட்டி பாடிய தாலாட்டு இருக்கிறது. அதை நான் எப்போதோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஆனாலும் கேசட்டை உள்ளே தள்ளி அந்த 'டக்' சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பாட்டி பாடுவதாக அர்த்தம். எனவே செட்டை மாற்றும் பேச்சே கிடையாது. என்னிடம் இருப்பது ஐபாட் கிளாசிக். 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன சாமான், புளூடூத் கிடையாது. பன்னிரண்டு வருடமாகச் சேர்த்த பாட்டெல்லாம் அதில்தான். அப்பாவின் கேசட்டும் என் ஐபாடும் ஒரே செட்டில் பாட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஐபாடின் பாட்டை ஒயர் வழியாகச் செட்டுக்குள் கொடுக்கும் வழிக்குத்தான் ஆக்ஸ் என்று பெயர்.

முதலில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். ஐபாடின் பாட்டை ஒரு குட்டி ஸ்டேஷன் போலச் செட்டின் ரேடியோவுக்கு அனுப்பும். சென்னையில் அதை நம்பி வாங்காதீர்கள். 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக ஸ்டேஷன்கள். நடுவில் காலியாக ஓர் இடம் பிடித்து வைத்தாலும் கொஞ்ச தூரம் போனதும் இரைச்சல் ஏறிவிடுகிறது. பாட்டும் வற்றிப்போனது போல, அடித்தளம் (பாஸ் ஒலி) இல்லாமல் கேட்கும். ஒரு வாரத்தில் தூக்கிப் போட்டேன்.

அடுத்தது கேசட் அடாப்டர். கேசட் வடிவிலேயே இருக்கும், ஒயர் வெளியே தொங்கும். நாடாவுக்குப் பதில் உள்ளே ஒரு சின்ன காந்தத் தலை இருக்கிறது. அது நாடாவைப் படிக்கும் செட்டின் ஹெட்டோடு ஒட்டி நின்று பாட்டைக் கடத்துகிறது. ஒலி டிரான்ஸ்மிட்டரைவிட எவ்வளவோ மேல். சிக்கல் ஆட்டோ ரிவர்ஸில் வந்தது. ரீல் சுற்றுகிறதா என்று செட் பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்றுவது நின்றால் நாடா முடிந்துவிட்டது என்று எண்ணி பக்கத்தை மாற்றும். அதை ஏமாற்றத்தான் அடாப்டருக்குள் பல்சக்கரங்கள் வைத்திருக்கிறார்கள். நான் வாங்கியதில் சக்கரம் வழுக்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 'டக்', பக்கம் மாறும், பாட்டு போய்விடும், மறுபடி 'டக்'. உங்கள் செட்டில் ஆட்டோ ரிவர்ஸ் இல்லையென்றால் பெரும்பாலும் அடாப்டரே போதும், இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

சரி, கடைக்குப் போகலாம் என்று கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு போனேன். நான்கு கடையில் ஒரே பதில்: "செட்டையே மாத்திருங்க சார், புளூடூத் செட்டு மூவாயிரத்துல இருந்து இருக்கு." ஐந்தாவது கடையில், "ஆக்ஸ் இழுத்துத் தரலாம், ஐநூறு ஆகும்" என்றார்கள். சந்தோஷமாக வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கக் கூடாது. திரும்பி வந்தபோது செட் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த கனெக்டர் கழலவில்லை என்று ஒயர்களை அப்படியே கட்டரால் வெட்டியிருந்தார் அந்தப் பையன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இதுல வராது சார்" என்று வெட்டியதையெல்லாம் முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி உள்ளே தள்ளினார். ஐநூறு ரூபாயையும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் செட்டின் திரையில் பாட்டும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. 'கோட்' (CODE) என்ற ஒரு சொல் மட்டும்.

அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் திருட்டுக்குப் பயந்து இந்த ஏற்பாடு உண்டு. பேட்டரி இணைப்பு அறுந்தால் நாலு இலக்க எண் கேட்கும். என் செட்டில் மூன்று முறை தப்பாக அடித்தால் ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். எண் எழுதிய அட்டை எங்கே? சர்வீஸ் சென்டரில், செட் வாங்கிய பில்லைக் கேட்டார்கள். துபாயில் வாங்கியதற்கு எங்கே பில்? வீட்டில் இன்ஷூரன்ஸ் ஃபைல், ஆர்.சி. புக் உறை, பீரோ எல்லாம் தேடியாயிற்று. அப்பா அதிகம் பேசவில்லை. "செட்டுக்கு ஒண்ணும் ஆகலையேடா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

மூன்றாம் நாள் அம்மாதான் கண்டுபிடித்தாள். மிக்ஸி, ஃபேன், டிவி என்று எல்லாவற்றின் வாரண்டி கார்டையும் அப்பா ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தார். இஸ்திரிப்பெட்டியின் கார்டோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சின்ன அட்டை கிடந்தது. நாலு எண்ணையும் அடித்தேன், செட் உயிர்த்தது. நீங்கள் பழைய செட்டில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் இந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு பேட்டரியைக் கழற்றலாம்.

மறுநாள் காலை சாவியைப் போட்டால் திரும்பவும் 'கோட்'. வண்டியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் செட் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. இதை நானே பார்ப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். கார் செட்டுக்கு இரண்டு 12 வோல்ட் ஒயர் வரும். ஒன்று பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது, நினைவைக் காப்பாற்ற. இன்னொன்று சாவி போட்டால் மட்டும் வருவது. செட்டின் பக்கம் பொதுவாக மஞ்சள் நிரந்தரம், சிவப்பு சாவி. காரின் பக்கத்து நிறத்தை நம்பக் கூடாது, அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாவியை எடுத்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். மஞ்சளோடு முறுக்கியிருந்த ஒயரில் வோல்ட்டே இல்லை. சிவப்போடு இருந்ததில் 12.4. அதாவது இரண்டையும் மாற்றிக் கட்டியிருந்தார்கள். மாற்றியதும் கோட் கேட்பது நின்றது.

அதோடு முடியவில்லை. பாட்டு வந்தது, ஆனால் தவில் சத்தம் தவிலாக இல்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை. வலது ஸ்பீக்கரின் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் அடித்தள ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஸ்பீக்கர் ஒயரைச் செட்டிலிருந்து பிரித்துவிட்டு ஒரு பென்சில் செல்லை ஒரு நொடி தொட வையுங்கள். கூம்பு வெளியே துள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். உள்ளே போனால் மாறியிருக்கிறது. கிரில்லைக் கழற்றி, கூம்பின் மேல் விரல்நுனியை லேசாக வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் விரலை முட்டியது. வலது பக்கம் விரலைவிட்டு விலகியது. இன்னொன்று: ஸ்பீக்கர் மைனஸை ஒருபோதும் பாடி எர்த்தில் (காரின் இரும்பு உடம்பில்) கொடுக்காதீர்கள். இந்த வகைச் செட்டுகளில் அது எர்த் இல்லை. கொடுத்தால் ஸ்பீக்கரை ஓட்டும் சிப்பான அவுட்புட் ஐ.சி. போய்விடும்.

இதற்காகச் செட்டை முழுதாக வெளியே எடுத்தபோதுதான் நான் தேடி அலைந்தது கண்ணில் பட்டது. பின்பக்கம் மின்சாரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பெரிய சாக்கெட்டுகளுக்கு மேலே சின்னச் சின்ன பின்களோடு ஒரு சாக்கெட். மேல்மூடியின் ஸ்டிக்கரில் அதன் படமும் இருந்தது. சி.டி. சேஞ்சருக்கான இடம்; பல சி.டி.க்களை மாற்றி மாற்றிப் பாடும் தனிப்பெட்டியின் பாட்டு இதன் வழியாகத்தான் செட்டுக்குள் வரும். 13 முதல் 20 வரை எட்டு பின். 18 ஒலிக்கான எர்த், 19 இடது, 20 வலது. வெட்டவும் வேண்டாம், செட்டைத் திறக்கவும் வேண்டாம். வழி செட்டிலேயே இருந்திருக்கிறது, ஐந்து கடையில் ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான்.

அதில் பொருந்தும் நீல நிற பிளக் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க நடந்தேன். "அப்படி ஒண்ணே கிடையாது" என்று சிலர், பெரிய பிளக்கை நீட்டியவர் சிலர். சந்துக்குள் ஒரு சின்னக் கடையில் வயதான ஒருவர் நான் எடுத்துப்போன போட்டோவை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருந்த பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒயரோடு 180 ரூபாய். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

3.5 மி.மீ. ஜாக்கில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த். சால்டர் வைக்கும் முன் பின்களை மல்டிமீட்டரால் பாருங்கள். அதே சாக்கெட்டில் 15-ஆம் பின்னில் எப்போதும் 12 வோல்ட் உண்டு. தவறிப்போய் அதைப் பாட்டு ஒயரில் கொடுத்தால் உங்கள் பிளேயர் அத்தோடு சரி. மூட்டுகளுக்கு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பசை உருகி வழுகிவிடும். சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடுங்கள். கடைக்காரப் பையன் முறுக்கியதையும் பிரித்து எல்லாவற்றுக்கும் சால்டர் வைத்து டியூப் போட்டேன்.

ஜாக்கைச் செருகினேன், சத்தமே இல்லை. அரை மணி நேரம் ஒயரைத் தடவிக்கொண்டிருந்த பிறகுதான் மெனுவுக்குள் ஆக்ஸை ஆன் செய்ய வேண்டும் என்று தெரிந்தது. ஆன் செய்ததும் பாட்டு வந்தது.

கடைசியாக ஒரு தொல்லை. ஐபாடை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டால் 'ங்ஙீ' என்று ஓர் இரைச்சல், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறுகிறது. வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். சார்ஜர் வழியாக ஓர் எர்த், பாட்டு ஒயர் வழியாக இன்னோர் எர்த் என்று வளையமாகிவிடுவதால் வருவது. சார்ஜரை எடுத்தால் போய்விடும். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பி கிடைக்கிறது, உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். அதை நடுவில் போட்டாலும் போகும். மலிவானதில் அடித்தளம் கொஞ்சம் குறையும் என்பதால் நான் வீட்டிலேயே சார்ஜ் போட்டு எடுத்துப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு வரை போனேன். தாம்பரம் தாண்டும்வரை ஐபாட். அப்புறம் அவர் பையிலிருந்து கேசட்டை எடுத்து உள்ளே தள்ளினார். 'டக்.' செட் தானாகவே ஆக்ஸிலிருந்து கேசட்டுக்கு மாறியது. பாட்டி பாட ஆரம்பித்தாள். அப்பா சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்தார்.