மாலிக்குப் போகிற தோணி

அப்பா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில், தோணிக்குச் சரக்கேற்றும் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதினார். ஜல்லி, செங்கல், வெங்காயம், காய்கறி என்று மாலத்தீவுக்குப் போகிற சரக்கெல்லாம் அவர் பேரேட்டில் ஏறித்தான் கடலுக்குப் போகும். "இன்னைக்கு மாலி தோணி கெளம்புது, வர நேரமாவும்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தோணி ஓடாது. அந்த மாதங்களில் மட்டும் சாயங்காலமே வந்துவிடுவார். இப்படி முப்பது வருடம் மாலி மாலி என்று சொல்லியும் அந்த ஊரை ஒருதரம்கூடப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

அதனால் போன வருடம், 2025 பிப்ரவரியில், அம்மாவை எங்காவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தபோது வேறு ஊர் எதுவும் மனதில் வரவில்லை. "மாலத்தீவா? அது பணக்காரங்க போற எடம்லா" என்றாள் அம்மா. பாதி உண்மை. 1972-இல் அங்கே சுற்றுலா தொடங்கிய பிறகு நெடுங்காலம், வெளிநாட்டார் விடுதிக்கென்றே ஒதுக்கிய தீவுகளில்தான் தங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2009 வாக்கில்தான் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி கிடைத்தது. இன்று மீனவர் தெருவிலேயே நாலு அறை, ஐந்து அறை வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் தேடியது அதைத்தான். வேலை, கைபேசி, 'பார்க்க வேண்டிய 10 இடங்கள்' எதுவும் இல்லாமல் ஆறு இரவு. உக்குல்ஹாஸ் என்ற தீவில் மூன்று, தொட்டு என்ற தீவில் மூன்று.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைநகர் மாலே, அதாவது அப்பா சொன்ன மாலி, போய்விடுகிறது. தூத்துக்குடியிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேரத்தான் அதைவிட நேரம் ஆனது. இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் இறங்கியதும் இலவச விசா. புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் ஒரு பயணப் படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். விருந்தினர் இல்லத்தில் ஓர் இரவுக்கு ஆளுக்கு 6 டாலர் பசுமை வரி தனியாக வாங்கினார்கள். அறை வாடகையோடு அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் டாக்சி நிற்கிற இடத்தில் படகு நிற்கிறது. அங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். காட்சி நன்றாகத் தெரியும் என்று அம்மாவை வேகப்படகின் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் படகு ஒவ்வொரு அலையிலும் எகிறி விழ, அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள்தான், கரை வரும்வரை திறக்கவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் பின்வரிசையில் உட்காருங்கள், அங்கே தூக்கிப்போடுவது குறைவு. அரசுப் படகுகளும் ஓடுகின்றன, கட்டணமும் குறைவு. ஆனால் எல்லா நாளும் கிடையாது, வெள்ளிக்கிழமையை நம்பவே கூடாது.

உக்குல்ஹாஸ் வடக்கு ஆரி அட்டோலில் இருக்கிறது. அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம். நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். அகலத்தை நாலு நிமிடத்தில் நடந்துவிடலாம். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மருந்தகம், கடைகள், பந்து விளையாடும் திடல் எல்லாம் அடக்கம். தெருவெல்லாம் வெள்ளை மணல். காலையில் பெண்கள் ஈர்க்குமாறு கொண்டு வாசலை மட்டுமல்ல, கடற்கரையையும் பெருக்குகிறார்கள். குப்பையை முறையாகப் பிரித்துக் கையாளத் தொடங்கியதில் மாலத்தீவுக்கே முன்னோடி இந்தத் தீவுதான். சுற்றுலா வருகிறது என்பதற்காக ஒரு மூலையைச் சுத்தமாக வைத்துக் காட்டுகிற வேலை இல்லை, ஊர் முழுக்க ஒரே சுத்தம். நம் கடற்கரைகளை நினைத்து எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

முதல் நாள் நாங்கள் செய்த ஒரே வேலை ஜோலியில் உட்கார்ந்ததுதான். இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை பின்னி, வரிசையாக நாலைந்து பேர் உட்காரும்படி ஒவ்வொரு தெருமுனையிலும் இதைப் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்தால் தொட்டில் மாதிரி உடம்பை வாங்கிக்கொள்கிறது. மேலே பூவரசும் புன்னையும். எதிரே கடல். புன்னைக்கு அவர்கள் பேச்சில் 'ஃபுனா' என்று பெயர். படகு 'தோனி'. அம்மா இதைக் கேட்டதும் நிமிர்ந்துவிட்டாள். "தோணியத்தான சொல்லுதாங்க?" தோணியேதான். அடுத்த நாள் அவர்கள் பவளப்பாறைத் திட்டை 'ஃபரு' என்றார்கள். எங்கள் கடலோரத்தில் முத்துக் குளித்த இடங்களைப் 'பார்' என்போமே, அது நினைவுக்கு வந்தது. சொல்லுக்குச் சொல் உறவு உண்டா என்பதை மொழியறிந்தவர்கள் சொல்லட்டும், காதுக்கு அப்படித்தான் கேட்டது. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வருகிற 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்தத் தீவுகள்தான் என்பது பலரின் கருத்து. என் மனம் மன்னன் பக்கம் போகவில்லை. அதற்கு முன்னும் பின்னும் சரக்கு ஏற்றி இறக்கியவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டில்தான் அம்மா முழுசாக வீட்டுக்கு வந்துவிட்டாள். காலைக்கு மாஸ் ஹுனி. உதிர்த்த சூரை மீன், துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, எல்லாம் போட்டுக் கையால் பிசைந்தது. தொட்டுச் சாப்பிட ரோஷி, நம் சப்பாத்திக்குத் தங்கச்சி. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இதுல மாசிய இடிச்சுப் போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். வீட்டுக்கார அம்மாள் உள்ளே போய் மாசியையே கொண்டு வந்து காட்டினார். விறகுக்கட்டை மாதிரி கறுத்து இறுகிய துண்டு. சூரையை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயப்போட்டுச் செய்வது. 1343-இல் இங்கே வந்து நீதிபதியாக இருந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதாவும் இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் கூடைகூடையாகப் போயிற்றாம். இரண்டு பெண்களும் பொதுமொழி ஒன்றும் இல்லாமல் அரை மணி நேரம் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பேசினார்கள். அப்புறம் கருதியா என்று ஒரு மீன்சாறு கொடுத்தார்கள். மீனும் உப்பும் தண்ணீரும் மட்டுமே, ஆனால் காய்ச்சலுக்குப் பின் குடிக்கிற ரசம் போல உள்ளே இறங்கியது.

இனி கடலுக்கு வருகிறேன். அம்மாவுக்கு 63 வயது. பிறந்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் கடலோரம். ஆனாலும் திருச்செந்தூரில் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுவாளே, அதோடு சரி. கடலுக்குள் கண்ணைத் திறந்தது கிடையாது. இந்த வயதுப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

ஊர்த்தீவுகளில் வெளிநாட்டார் நீச்சலுடையில் குளிக்கத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் உடம்பை மூடித்தான் குளிக்க வேண்டும். இது முஸ்லிம் நாடு, ஊர்த்தீவுகளில் மது கிடையாது. சிலருக்கு இது குறையாகத் தெரியலாம். எங்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. சாயங்காலம் உள்ளூர்ப் பெண்கள் குழந்தைகளோடு முழு உடுப்பில் தண்ணீரில் இறங்கிச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கூச்சம் போய்விட்டது. சுடிதாரோடு இறங்கினாள்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக் கடலுக்குள் பார்க்கக் கற்றுக்கொடுக்க வந்த பையன் என்னைத் 'தத்தா' என்று கூப்பிட்டான். அவர்கள் மொழியில் அக்கா. அம்மாவுக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, முகக்கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவச் சொன்னான். அப்படிச் செய்தால் ஆவி படியாது. முகம் சுளித்தாலும் செய்தாள். குழாயை வாயில் கவ்வி முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். மூன்று நொடி. பதறி எழுந்தாள். மறுபடி. ஐந்து நொடி. மூக்கால் மூச்சு விடப் பார்க்கிறாள், அதுதான் தொல்லை. பையன் பொறுமையாகத் தன் நெஞ்சில் கை வைத்து, மெதுவாக, மெதுவாக என்று காட்டினான். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, அம்மா முகத்தை வைத்தவள் எடுக்கவே இல்லை. குழாய் வழியாக மூச்சுச் சத்தம் மட்டும் வருகிறது. என் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

நானும் பக்கத்தில் முகத்தை வைத்தேன். கீழே ஒரு கிளிஞ்சான், பச்சையும் நீலமும் ரோஸும் கலந்த உடம்பு, பவளப்பாறையைக் கிளி மூக்கால் கொறித்துக்கொண்டிருந்தது. முறுக்கு கடிக்கிற மாதிரி 'கறுக் கறுக்' என்று தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. கொஞ்ச தூரம் போய் வாலடியிலிருந்து வெள்ளைப் புகை போல ஒன்றை விட்டது. அது மெல்ல இறங்கிப் படிந்தது. மணல். பவளத்தோடு ஒட்டிய பாசிக்காகப் பாறையைக் கொறிக்கிற இந்த மீன், சுண்ணாம்பை அரைத்து வெளியே தள்ளுகிறது. நாங்கள் நடந்த வெள்ளை மணலில் பெரும்பங்கு இப்படிச் சேர்ந்ததுதான். பையன் சைகையில் விளக்கியதை நான் சொன்னதும் அம்மா சத்தமாகவே கேட்டாள். "அப்ப இந்தத் தீவையே இந்த மீனுதான் கட்டியிருக்கா!"

பவளம் எல்லா இடத்திலும் வண்ணமாக இல்லை. 1998-இலும் 2016-இலும் கடல் சூடேறி வெளுத்துச் செத்த கிளைகள் சாம்பல் நிறத்தில் உடைந்து கிடக்கின்றன. அவற்றின் மேலேயே கட்டைவிரல் உயரத்துக்குப் புதுசு முளைத்திருக்கிறது. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. பாறை செத்தால் மீன் போகும், மணல் போகும், அலையைத் தடுக்க ஒன்றும் இருக்காது. போகிறவர்கள் தயவுசெய்து பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள். மணலையோ பவளத் துண்டையோ எடுத்து வராதீர்கள், சட்டப்படியும் தப்பு. அம்மா கரையில் ஒரு சோழி பொறுக்கினாள். பல்லாங்குழிக்கு ஆகும் என்று கொஞ்ச நேரம் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஒரு காலத்தில் வங்காளத்திலும் ஆப்பிரிக்காவிலும் காசாகப் புழங்கிய மாலத்தீவுச் சோழி.

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஊரே அடங்கியது. கடைகள் சாத்தியாகிவிட்டன. இரவுகள் அதைவிட அமைதி. ஏதோ குறைகிறதே என்று யோசித்துப் பார்த்தால், நாய் குரைக்கிற சத்தம் இல்லை. மாலத்தீவில் நாய் வளர்க்க அனுமதி கிடையாது. தென்னோலைச் சத்தத்தில் அம்மா ஒன்பது மணிக்கே தூங்கிப்போனாள். அவள் அப்படித் தூங்கிப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

தொட்டு வேறு மாதிரித் தீவு. எந்த அட்டோல் வளையத்திலும் சேராமல் கடல் நடுவே தனியாக நிற்கிறது. ஊர் கொஞ்சம்தான், மீதியெல்லாம் தோட்டம். தர்ப்பூசணியும் பப்பாளியும் இங்கிருந்துதான் தலைநகருக்குப் போகின்றன. நாங்கள் போனது ரமலானுக்கு முந்தைய வாரங்கள். நோன்புக் கஞ்சிக்கு முன் தர்ப்பூசணி என்பது அங்கேயும் உண்டு போல, பாத்தி பாத்தியாகக் காய் பழுத்துக் கிடந்தது. மணலுக்கு அடியில் மழைநீர் கடல்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது, அதை வைத்துத்தான் இத்தனை வெள்ளாமை. தோட்ட வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் வங்கதேசத்துக்காரர்கள். ஒருவர் பப்பாளியை அறுத்து அம்மாவிடம் நீட்டினார், காசு வாங்க மறுத்துவிட்டார். பழந்தின்னி வௌவால்கள் பகலிலேயே தலைக்கு மேல் பறந்தன.

1950-களின் கடைசியில் இந்தத் தீவில் ஒரு பழைய பௌத்தக் கோயிலைத் தோண்டியபோது புத்தர் சிலையோடு ஒரு ரோமானிய வெள்ளிக்காசும் கிடைத்திருக்கிறது. இத்தனூண்டு தீவுக்கு ரோமாபுரிக் காசு.

எனக்கு அதைவிடப் பெரிசாகப் பட்டது ஒரு மளிகைக் கடையில் நடந்தது. சோப்பு வாங்கப் போனோம். அலமாரியின் கீழ்த்தட்டில் உப்புப் பாக்கெட். அம்மா குனிந்து எடுத்து, கண்ணாடியை மாட்டி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். தூத்துக்குடி முகவரி. ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரலால் அந்த வரியை ஒருமுறை தடவினாள். அப்புறம், "ஒங்கப்பா எழுதுன சரக்கு" என்று சொல்லி அதையும் சோப்போடு சேர்த்துக் காசு கொடுக்கச் சொன்னாள். உப்பைத் தூத்துக்குடிக்கே திருப்பி எடுத்து வந்தோம்.

தொட்டுவில் ஆமைகள் அதிகம். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே மேய்கின்றன. தொடக்கூடாது, துரத்தக்கூடாது, அது மூச்சுவிட மேலே வரும்போது வழியை விட வேண்டும். இரண்டாம் நாளே அம்மா இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டாள். ஆமையைப் பார்த்தால் தலையைத் தூக்காமல் கையை மட்டும் மேலே நீட்டி, எத்தனை என்று விரலில் காட்டுவாள்.

கடைசி நாள் ஏழரைக்குப் படகு. ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டிவிட்டுத் திரும்பினால் அறையில் அம்மா இல்லை. உயிர்காப்புச் சட்டையும் இல்லை. கரைக்கு ஓடினேன். விருந்தினர் இல்லத்துப் பையன் முழங்காலளவு தண்ணீரில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் வெளிர்நீல நீரில் மஞ்சள் சுடிதார் விரிந்து மிதந்தது. மூச்சுக்குழாய் மட்டும் மேலே தெரிந்தது. "அம்மா, நேரமாச்சு" என்று கத்தினேன். தலை அசையவில்லை. கை மட்டும் மேலே வந்தது.

மூன்று விரல்.