பயத்தோடு தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

தேர்வுக்கு முந்தின ராத்திரி எந்த வசனத்தைச் சொன்னால் பயம் போகும் என்று சபையில் தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். பயம் போகாது. அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதி வேலைக்கு வந்தாகிவிட்டது, இன்னமும் துறைத் தேர்வு என்றால் எனக்கு வயிறு கலக்குகிறது.

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்பது வேதாகமத்தில் சங்கீதம் 56:3. காத் ஊரில் பெலிஸ்தர் தாவீதைப் பிடித்தபோது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதே காத்தில் ஆகீஸ் ராஜாவுக்குப் பயந்து, தாடியில் எச்சில் வடியவிட்டுப் பைத்தியம்போல நடித்துத் தப்பினான் என்பதை 1 சாமுவேல் 21இல் படிக்கலாம். நம்பினவனும் அவன்தான், தப்பிக்க வழி பார்த்தவனும் அவன்தான்.

பயத்தில் இரண்டு வகை உண்டு. படிக்காததால் வருவது ஒன்று. அதற்கு ஜெபம் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தை எடுக்கச் சொல்வேன். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னவன் பிசாசு என்பதை மறக்கக் கூடாது. "பாஸானால் இவ்வளவு காணிக்கை" என்று பேரம் பேசுவதும் எனக்குப் பிடிக்காது.

படித்தும் வருகிற பயம் வேறு. எங்கள் வீடு பாலக்கோடு பக்கம். தக்காளி பறிக்கும் காலத்தில் விடியுமுன்பே பெட்டி அடுக்கும் சத்தம் தொடங்கிவிடும். ராத்திரி ஒரு மணி வரை படிப்பு, நாலு மணிக்கு எழுந்து வேலை, மறுபடி படிப்பு. கடைசி மாதம் தெரிந்த திருக்குறளுக்கே அடுத்த அடி வரவில்லை. கர்த்தர் கைவிட்டுவிட்டார் என்று அழுதேன். அத்தை, "கண்ணு, தூங்கி எழுந்து படி. கர்த்தரு எங்கயும் போயிட மாட்டாரு" என்று விளக்கை அணைத்தார்.

1 இராஜாக்கள் 19 எனக்கு அப்போதுதான் புரிந்தது. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாகவேண்டும் என்று கேட்கிறான். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைப் பார்த்த மனிதன்! தேவதூதன் அவனைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தான். இரண்டாவது தரம் எழுப்பிச் சாப்பிடச் சொன்ன பிறகுதான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் நடை. நம்மூரில் அந்த அடைக்குப் பதில் கேழ்வரகுக் களி. தேர்வு நாளில் உபவாசம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதும் இதனால்தான்.

தேர்வுக் கூடத்தில் கேள்வித்தாளைப் பிரித்ததும் எழுத்துகள் மங்கினால், மூச்சை மெதுவாக விட்டு அந்த 56:3ஐ ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். நீளமான ஜெபத்தை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். குரூப் 4இல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம்தான். தமிழ் 100 கேள்வியில் தொடங்கினால் கை நடுக்கம் சீக்கிரம் நிற்கும். அதில் 150க்கு 60 மதிப்பெண் வராவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால், தெளிந்த தலையோடு முதலில் அதை முடிப்பது நல்லது. தெரியாத கேள்வியை வெறுமனே விடக் கூடாது, 'விடை தெரியவில்லை' என்பதற்கான E வட்டத்தைக் கருமையாக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆகவே இரண்டு விடைகளுக்கு நடுவே தவித்தால் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள்.

சாயங்காலமே பயிற்சி மையங்களின் விடைக்குறிப்பு வாட்ஸ்அப்பில் வரும். நான் அன்றைக்குப் பார்ப்பதில்லை. விடைத்தாள் கையை விட்டுப் போன பிறகு கூட்டிக் கழித்து என்ன பிரயோஜனம்?

தேர்வு ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆராதனை தவறுகிறதே என்று சிலருக்குத் தனிப் பயம். 2024 ஜூன் 9 குரூப் 4 தேர்வும் ஞாயிறுதான். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசுவே கேட்டிருக்கிறார். சனிக்கிழமை மாலை போதகர் வீட்டில் நாலு பேராக உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, காலையில் முதல் பஸ்ஸுக்குத் தருமபுரி கிளம்புங்கள். ஒன்பது மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், அதற்கு மேல் வாசலில் யார் கெஞ்சினாலும் விடமாட்டார்கள். ஹால் டிக்கெட்டோடு கறுப்பு பால்பாயின்ட் பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.