உரும்பிராய்ச் சிலையும் துரையப்பா அரங்கும்

யாழ்ப்பாணத்துக்கு இதற்கு முன்னர் இரண்டு தடவைகள், இரண்டும் நல்லூர்த் திருவிழாவுக்காக, வந்திருக்கிறேன். இம்முறை வந்த நோக்கம் வேறு. தியாகி என்றும் துரோகி என்றும் ஒரே ஊரில் பேசப்படும் மனிதர்களை, அவர்களின் பெயர் தாங்கிய இடங்களுக்கே போய் அறிய விரும்பினேன். கண்டியில் வளர்ந்தவளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தலதா மாளிகைக்கு அருகே நினைவுத் தூண் எழுப்பப்பட்டிருக்கும் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல, 1818இல் ஆங்கிலேயர் துரோகி என்று பிரகடனம் செய்து தலையை வெட்டிய மனிதர். அவருடைய மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தப் பிரகடனம் 2016இல்தான் நீக்கப்பட்டது. பாடசாலையில் நாங்கள் வீரர் என்று படித்த காலம் முழுவதும் அரசின் தாளில் அவர் துரோகியாகவே இருந்திருக்கிறார்.

காலையில் முதலில் நல்லூர் முத்திரைச் சந்தி. அங்கே சங்கிலியன் சிலை குதிரைமீது வாளுயர்த்தி நிற்கிறது. 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, 1623இல் கோவாவில் மரண தண்டனை பெற்ற, யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசி மன்னன். போர்த்துக்கேயரின் எழுத்துகளில் அவன் சொந்த உறவினரைக் கொன்று அரியணையைப் பறித்த கொடியவன். அதே பெயருடைய முந்தைய மன்னன் 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களை நூற்றுக்கணக்கில் கொல்லச் செய்தான். அவர்களை மன்னார்க் கத்தோலிக்கர் இன்றும் வேதசாட்சிகளாக வணங்குகிறார்கள். மக்களின் நினைவில் இரண்டு சங்கிலிகளும் ஒன்றாகிவிடுவதால், மன்னாரிலிருந்து வரும் ஒருவர் இந்தச் சந்தியைக் கடக்கும்போது எந்தச் சங்கிலியைக் காண்பார் என்று எண்ணிக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

பலாலி வீதியால் உரும்பிராய்க்குப் போனோம். ஆயுதம் எடுத்த தமிழ் இளைஞர்களில் முன்னோடியான பொன். சிவகுமாரன் பிறந்த ஊர் அது. 1974 ஜூன் 5ஆம் திகதி, கோப்பாயில் வங்கியொன்றைக் கொள்ளையிட முயன்று பொலிஸார் சுற்றிவளைத்தபோது, சயனைட் உட்கொண்டு இறந்தபோது அவருக்கு 23 வயது. பொலிஸ் ஏட்டில் அது கொள்ளை முயற்சி. உரும்பிராயில் அவருக்குச் சிலை. அந்தச் சிலை ஒரு தடவைக்கு மேல் உடைக்கப்பட்டு, ஒவ்வொரு தடவையும் திரும்ப எழுப்பப்பட்டது. அவர் அந்த வழிக்குப் போனதற்குக் காரணங்கள் இருந்தன: பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து, படித்த பிள்ளைகளின் கதவு அடைபட்ட காலம் அது, அதே ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி, உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்ததில் உயிர்கள் போயிருந்தன. அந்தக் கோபத்தை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் அன்று அந்த மாநாட்டுக் கூட்டத்தில், முற்றவெளியில் நின்றிருந்தால், நானும் அந்தச் சிலைக்குப் பூ வைத்திருப்பேன்.

ஆனால் அன்று மாலையே துரையப்பா விளையாட்டரங்குக்கு முன்னால் நின்றேன். மாநாட்டுச் சாவுகளுக்கு மேயர் அல்பிரட் துரையப்பாவும் பொறுப்பு என்று இளைஞர்கள் நம்பினார்கள். ஆளுங்கட்சியோடு நின்றவர் என்பதால் அவரைத் துரோகி என்றார்கள். 1975 ஜூலை 27ஆம் திகதி, பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குக் கும்பிடப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். அதைச் செய்தவர்கள் பின்னர் விடுதலைப் புலிகளானார்கள். இத்தனைக்குப் பிறகும் அரங்கு அவர் பெயரிலேயே இருக்கிறது. 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்துத் திறந்தபோதும் பெயர் மாறவில்லை.

உள்ளே பையன்கள் உதைபந்தாடிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஆட்டோக்காரரிடம், துரையப்பாவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“என்ர அப்பாவுக்கு ஒரு வேலை எடுத்துத் தந்தது அவர்தான், பிள்ளை. அந்தாள் செத்த அண்டு அப்பா சாப்பிடேல்ல. என்ர பெரியண்ணன் ஆனா வெடி கொளுத்தினவன். ஒரே வீடு.”

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அருகே கோட்டை. 1971 மார்ச்சில் கைதான, தெற்கின் இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் தலைவர் ரோகண விஜேவீர, அவ்வியக்கத்தின் ஏப்ரல் கிளர்ச்சி வெடித்தபோது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். அவரை மீட்பதும் அந்தக் கிளர்ச்சியின் திட்டங்களுள் ஒன்று. அன்று குற்றவாளிகள் என்று விசேட ஆணைக்குழுவின் முன் நிறுத்தப்பட்ட இயக்கத்தின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். அதே ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அவருடைய கூட்டணிக்குக் கிடைத்தன. அவர்கள் நவம்பர் 13இல் தங்கள் மாவீரரை நினைவுகூர்கிறார்கள். வடக்கில் புலிகளின் மாவீரருக்கு நவம்பர் 27இல் விளக்கேற்றுகிறார்கள். என் தகப்பனார் இரண்டுக்கும் தலை குனிய மாட்டார். 1989இல் கண்டியில், ஜே.வி.பி.யின் துண்டு வந்தால் அவர் கடையைப் பூட்ட வேண்டும். பூட்டினால் இராணுவம் வந்து திறக்கச் சொல்லும். அவரோடு சந்தைக்குப் போய்வந்த ஒருவர் பூட்டாமல் விட்டதற்காகக் கொல்லப்பட்டார். புரட்சி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உரத்துச் சொன்னதில்லை.

கடைசியாக, முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவுக்கு நடந்தேன். 1990 ஒக்டோபர் இறுதியில், விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலங்களுக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 பேருக்கு மேல் அவ்வாறு போனார்கள். அவர்களைத் துரத்திய இளைஞர்களுக்கும் இதே ஊரில் பலர் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகையும் பொய்யல்ல. தேநீர்க்கடை ஒன்றில், புத்தளத்திலிருந்து திரும்பிவந்த முதியவர் ஒருவரிடம், உரும்பிராய்ச் சிலையைப் பார்த்திருக்கிறீர்களா என்று தயங்கித்தான் கேட்டேன்.

“போகேக்க வரேக்க பார்த்திருக்கிறன். நல்ல பொடியன் எண்டு எங்கட வாப்பாவே சொல்லுவார். அது எழுபத்து நாலில.” கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். “தொண்ணூறில வாப்பா உயிரோட இருந்தவர். பிறகு அவர் அந்தப் பேரைச் சொல்லேல்ல.”

காசு கொடுத்தபோது தேநீருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தார். வெளியே பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியிருந்தது.