அந்த அம்மா சொன்னதை எழுதினேன்

“உரிமையாளர் கூற்றுப்படி, கிழக்குச் சுவரின் விரிசல் கோடையில் விரிந்து, ஆற்றில் தண்ணீர் வந்தபின் மூடிக்கொள்கிறது.” வீடு வாங்க வந்தவருக்காக நான் எழுதிய ஆய்வறிக்கையில் இருந்த வரி இது. இன்றைக்கு எழுதச் சொன்னாலும் இதையேதான் எழுதுவேன். ஆனாலும் மனது ஆறவில்லை.

நீடாமங்கலம் பக்கத்து வீடு. வாங்குபவர் சிங்கப்பூரில் இருந்தார். பேச்செல்லாம் அவருடைய மைத்துனர். வக்கீல் வில்லங்கம் பார்த்தாயிற்று, வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அளந்து போட்டோ எடுத்துப் போயாயிற்று. இந்த இரண்டும் முடிந்தால் வீட்டையே பார்த்து முடித்ததாகத்தான் நம் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதுதான் மதிப்பீட்டாளரின் கவலை. தளத்துக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. அதற்கென்று தனியாக ஒரு பொறியாளரைக் கூப்பிடுகிறவர்கள் குறைவு என்பதால், இந்த வேலையை ஆசையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனதில், சமையலறைக்கு மேலே ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று சத்தம் மாறியது. ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தது. டெல்டா ஊர்களில் இந்தத் தொல்லை இல்லாத தெரு அபூர்வம். எர்த் கம்பி, செப்டிக் டேங்க், மழைநீர் போகும் வழி எல்லாம் ஓரளவு சரி. கிழக்குச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் மயிரிழை விரிசல் ஒன்று. அது தை மாதம், மண்ணில் ஈரம் காயவில்லை. பூச்சு விரிசல் என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்க முடியாது.

அப்போதுதான் அந்த அம்மா காபி எடுத்துக்கொண்டு வந்தார்.

“அந்தச் சுவரையா பாக்குறீங்க தம்பி? அது எங்க வீட்டுக்காரர் காலத்துலேர்ந்து அப்படித்தான். கோடையில வாயைத் திறக்கும், ஆத்துல தண்ணி வந்தா தானா மூடிக்கும். அதனால ஒண்ணும் ஆகாது.”

வீட்டுக்குப் பரிந்து பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நம் வயல்களில் சித்திரையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே களிமண்தான் சுவருக்கு அடியிலும் இருக்கிறது. ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அந்தக் கணக்குக்கு ஏற்ப இந்த மண் வருஷா வருஷம் ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்ட மண்ணுக்கென்றே, அடியில் குமிழ்போல விரியும் பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) அடித்தளம் இருக்கிறது. மண் ஆழமாக இருந்தால் அந்தப் பைல் குறைந்தது 3.5 மீட்டராவது இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நெறிமுறை. அந்தக் காலத்து வீடுகளில் ஏது பைல்? நாலடி தோண்டி, மணல் கொட்டி, செங்கல் கட்டியிருப்பார்கள். இந்த வீட்டில் அந்த மூலையை ஒட்டி ஒரு வேப்பமரமும் நின்றது. கோடையில் மிச்ச ஈரத்தையும் வேர் உறிஞ்சிவிடும்.

ஒரு தடவை போய்ப் பார்க்கிறவனுக்கு ஒரு பருவம்தான் தெரியும். எல்லாப் பருவத்தையும் பார்த்தவர் அவர். அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. எழுதினேன். அதற்குக் கீழேயே பரிகாரமும் எழுதினேன்: வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கான்கிரீட் போட்டு ஓரத்து ஈரத்தைச் சீராக வைப்பது, மரத்தை ஒரேயடியாக வெட்டாமல் கிளை கழிப்பது (வெட்டினால் மண் உப்பி வேறு வம்பு வரும்), விரிசலைக் கம்பி வைத்துத் தைப்பது. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் அடங்கும், இடிந்து விழும் அபாயம் தெரியவில்லை என்றும் எழுதினேன்.

பத்து நாள் கழித்து மைத்துனர் போன் செய்தார். “சார், அந்தம்மாவே ஒத்துக்கிட்டதா எழுதியிருந்தீங்களே, அந்த வரிதான் வேலை செஞ்சுது. நாலு லட்சம் குறைச்சிட்டோம்.” கீழே இருந்த பத்தியை வாசித்துக் காட்டினீர்களா என்று கேட்டேன். “அது எதுக்கு சார் அவங்களுக்கு?”

விலை பேசுவது அவர்கள் உரிமை. எனக்குச் சம்பளம் கொடுத்ததும் அவர்கள்தான். சட்டம்கூட என் பக்கம்தான். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்ணில் படாத முக்கியமான குறை தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. அவர் சொன்னார், நான் பதிவு செய்தேன். இதில் என்ன தப்பு?

இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் சட்டத்துக்காகச் சொல்லவில்லையே. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார். அந்தப் பேச்சு காகிதத்தில் ஏறி, தன் வீட்டு விலையைப் பேசும் இடத்துக்குத் திரும்பி வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும்.

பிறகு பழுது வேலைக்கு அளவெடுக்கப் போனபோது, அவர் இன்னும் காலி செய்யவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தீங்களாமே தம்பி?”

“ஆமாம்மா.”

“சரி. உள்ளதைத்தானே எழுதினீங்க.”

அந்த ‘சரி’யை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு நேரம் ஆறுதலாகக் கேட்கிறது. வேறொரு நேரம், இதைவிடக் கடுமையாக யாரும் என்னைத் திட்டியதில்லை என்று தோன்றுகிறது. பரிகாரச் செலவு ஒரு லட்சத்துக்குள்தான் என்று அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாமா? அறிக்கை என் வாடிக்கையாளருடையது, அதை மற்றவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதுவும் சரியான பதில்தான்.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், “வாங்குறவங்க சார்பா வந்திருக்கேன், நீங்க சொல்றதையும் எழுதுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். நியாயமான முறை என்றுதான் நம்புகிறேன். ஆனால் அதைக் கேட்டதும் ஜனங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மன்னார்குடியில் அதே மாதிரி ஜன்னல் மூலை, அதே சாய்வு விரிசல். எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டேன். “தெரியலீங்க” என்றார் வீட்டுக்காரர். கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அறிக்கையில் எழுதினேன். அதுவரை வீடு நிற்குமா சார், வேற ஆளு முடிச்சிடுவான் என்று சொல்லி, வாங்குபவர் மாசியிலேயே பத்திரம் பதிந்துவிட்டார். அந்தச் சுவர் அசைகிறதா, வெறும் பூச்சு விரிசலா என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.