சித்தப்பா பெயரில் கிடந்த 12 சதவீதம்

புதூர் தொழிற்பேட்டையில் இருந்தது பெரியப்பா தொடங்கிய ரப்பர் கம்பெனி. கப்பலூரில் இருப்பது அப்பா தொடங்கியது. இரண்டும் பிரைவேட் லிமிடெட். இரண்டு இடத்திலும் ரப்பரைக் கலக்கும் மிக்சிங் மில் பாதி நாள் சும்மாதான் நின்றது. "தம்பி, ரெண்டையும் ஒண்ணாக்கிடுவோம்" என்று பெரியப்பா மகன் சொன்னபோது ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேன். ஒன்றரை வருடம் ஆனது.

ஆடிட்டர் காட்டிய வழி, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 233ஆம் பிரிவு. சிறிய கம்பெனிகள் இரண்டு இணைவதென்றால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் மத்திய அரசின் மண்டல இயக்குநர் வழியாகவே முடித்துக்கொள்ளலாம். கம்பெனிப் பதிவாளருக்கும், கம்பெனிகளைக் கலைக்கும் வேலையைப் பார்க்கும் அரசு கலைப்பாளருக்கும் நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபணைக்கு 30 நாள் விட வேண்டும். இதெல்லாம் தேதிப்படி நடந்தது. நாங்கள் மாட்டிக்கொண்டது பங்குதாரர் சம்மதத்தில். கூட்டத்துக்கு வருபவர்களில் 90 சதவீதம் பேர் கை தூக்கினால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, கம்பெனியின் மொத்தப் பங்குகளில் 90 சதவீதம் வேண்டும்.

புதூர் கம்பெனியில் 12 சதவீதம், இறந்துபோன சித்தப்பா பெயரிலேயே கிடந்தது. மற்ற எல்லோரும் சம்மதித்தாலும் 88தான்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பிள்ளைகளின் கையெழுத்தோடு பங்குகளைச் சித்தி பெயருக்கு மாற்ற நான்கு மாதம் போனது. அதைவிடச் சித்தியின் மனதுதான் கடினமாக இருந்தது. "அவர் பேர்ல இருக்கிறது அப்படியே இருக்கட்டுமேப்பா" என்றார். அவரை அவசரப்படுத்த எனக்கு மனசு வரவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், ஐந்து வருடக் கணக்கையும் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். இணைந்த கம்பெனியில் அவருக்கு எத்தனை பங்கு வரும், ஏன் அத்தனை என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கேட்கவே ஆளில்லாமல் இத்தனை வருடம் அவரை விட்டிருக்கக் கூடாது.

கடன்காரர்களிடமும் தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சம்மதம் வேண்டும். ரப்பர் ஷீட் தரும் கோட்டயத்து வியாபாரி அந்த வாரமே கையெழுத்திட்டார். கடன் கொடுத்த வங்கியில் மேனேஜர் மாறியதால் அதே காகிதங்களை மூன்று முறை கொடுத்தோம்.

அப்புறம் ஆட்கள். அச்சில் வார்த்த ரப்பரின் ஓரப் பிசிறு வெட்டும் பெண்கள் பலர் புதூரில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். கம்பெனி பெயர் போனால் சர்வீஸும் போய்விடுமோ, கிராஜுவிட்டி கிடைக்காதோ என்று பயந்தார்கள். சேர்ந்த தேதியைக் குறித்து, சர்வீஸ் தொடரும் என்று ஆளுக்கொரு கடிதம் தமிழில் கொடுத்தேன். போனஸ் அங்கே 12 சதவீதம், எங்களிடம் 8.33. யாருக்கும் குறைக்க முடியாது. அந்தத் தீபாவளிக்கு எல்லோருக்கும் 12 கொடுத்தோம்.

இணைப்புக்கு அனுமதி ஆர்டர் வந்த பிறகும், வாடிக்கையாளரிடம் எங்கள் வெண்டர் கோடு (சரக்கு தருபவருக்கு அவர்கள் வைத்திருக்கும் எண்) மாறும்வரை புதூர் பில்கள் இரண்டு மாதம் நின்றன. அந்த இரண்டு மாதச் சம்பளத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்காமல் யாரும் இதில் இறங்காதீர்கள். நாங்கள் அண்ணியின் நகையை வைத்துத்தான் சமாளித்தோம். தை மாதம் மீட்டுக் கொடுத்துவிட்டோம்.