தன்னனுபவக் கட்டுரையில் இரண்டு ‘நான்’

அறிவியல் பத்தியையும் வரலாற்றுப் பத்தியையும் படித்துத் தடுமாறாமல் விடையளிக்கும் மாணவர்கள், தன்னனுபவக் கட்டுரை வந்ததும் தவறிவிடுவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். சொற்கள் எளியவை, நிகழ்ச்சியிலும் குழப்பமில்லை. ஆயினும் தொனியையும் நோக்கத்தையும் கேட்கும் வினாக்களில் விடை பிசகிவிடுகிறது. பத்தியில் ஒரே ஒரு ‘நான்’ இருப்பதாக எண்ணிப் படிப்பதே இதற்குக் காரணம் என்பது என் துணிபு. அங்கே இருவர் இருக்கிறார்கள்: அன்று அனுபவித்தவர் ஒருவர், இன்று அதை எழுதுபவர் மற்றொருவர்.

வகுப்பில் பயன்படுத்துவதற்காக நானே எழுதிய சிறு பத்தி இது:

“அப்பா அன்று மாலை முழுவதும் பழைய சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். ஓடாத கடிகாரத்தோடு இவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு சிறிய திருகாணியை எடுக்க அவர் மூன்று முறை முயன்றார். அவருடைய விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன், கவனிக்கவில்லை.”

தந்தையைக் குறித்து எழுதும்போது கட்டுரையாளரின் மனநிலை யாது என்று கேட்டால், பெரும்பாலோர் ‘எரிச்சல்’ என்றே குறிக்கிறார்கள். அந்தச் சொல் பத்தியிலேயே இருக்கிறது. ஆகவே சரியான விடை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த எரிச்சல் அன்றைய பிள்ளைக்கு உரியது. கவனிக்காத ஒருவருக்குத் தாம் கவனிக்கவில்லை என்பது அந்தக் கணத்தில் தெரிந்திருக்க முடியாது என்பதால், கடைசிச் சொல்லை எழுதியவர் வேறொரு காலத்தில் நிற்கிறார். ‘மூன்று முறை’ என்ற எண்ணிக்கையையும் பாருங்கள்: எத்தனையோ விவரங்கள் மறந்துபோயிருக்க, இதை மட்டும் எடுத்து வைத்திருப்பது இன்றைய வருத்தம். ‘தந்தை இறந்துவிட்டார்’ என்று ஊகிப்பவர்களும் உண்டு. நடுக்கம் வரைக்கும்தான் பத்தி சொல்கிறது. அதற்கு அப்பால் போவது ஊகித்துணர்தல் ஆகாது, கதை கட்டுதலாகிவிடும்.

இந்த இருவரையும் பிரித்தறியத் தமிழ் வாசகருக்குத் தமிழ் இலக்கணமே பெரிதும் துணை செய்கிறது. அதை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. ‘நான் கேட்டிருக்கலாம்’ என்பது ஒரு வாய்ப்பைச் சொல்கிறது. ‘கேட்டிருக்கலாமே’ என்னும்போது ஏக்கம் வந்து சேர்கிறது. ‘கேட்டிருக்கலாமோ’ என்றால், எழுதுபவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஓகார இடைச்சொல்லுக்கு நன்னூல் கூறும் எட்டுப் பொருள்களுள் ‘கழிவு’ என்பதும் ஒன்று. கழிந்துபோனதற்கு இரங்கும் குறிப்பு அது. தொனி வினாவுக்கு விடை பல நேரங்களில் இத்தகைய ஓரெழுத்தில் இருக்கிறது. கால மாற்றமும் அவ்வாறே. இறந்தகாலத்தில் சென்றுகொண்டிருந்த கட்டுரை திடீரென்று ‘அவர் திரும்பிப் பார்க்கிறார்’ என்று நிகழ்காலத்துக்கு மாறினால், அந்தக் காட்சி எழுதுபவருக்குள் இன்னும் முடியவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது.

சொற்பொருள் வினாக்களைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. சூழலோடு படித்தால் போதும்.

‘மையக்கருத்து யாது’ என்ற வினாதான் உண்மையில் கடினமானது, ஏனெனில் நீதிக்கதைக்குப் பழகிய மனம் உடனே ஓர் அறிவுரையைத் தேடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580இல் தம் நூலுக்கு வைத்த ‘எஸ்ஸே’ என்ற பெயருக்கு ‘முயற்சி’, ‘சோதித்துப் பார்த்தல்’ என்றே பொருள்; கட்டுரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்து வந்ததே. ஆகவே, ‘இதனால் அறியப்படுவது என்ன’ என்று கேட்பதைவிட, ‘எழுதுபவர் எதை விளங்கிக்கொள்ள முயல்கிறார்’ என்று கேட்டுப் பார்க்குமாறு நான் சொல்வேன்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் துறை அதிகாரியாக இருந்தார். ஒரு யானையைச் சுட்டது பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1936இல்தான் வெளிவந்தது. யானை ஆபத்தானது என்பதால் சுட்டார் என்பது மேலோட்டமான விடை. அவர் காணும்போது அது அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. சுடத் தேவையில்லை என்று அவருக்கே தெரிகிறது. பின்னால் திரண்டு நிற்கும் கூட்டத்தின் எதிர்பார்ப்புதான் அவரைச் சுட வைக்கிறது. துப்பாக்கியை ஏந்தி நின்ற இளைஞரை, பல ஆண்டுகள் கழித்து எழுதுபவர் பொறுமையாக விசாரிப்பதே அந்தக் கட்டுரை. சுட்டவர் யார், விசாரிப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் அதன் நோக்கத்தைச் சொல்ல இயலாது.

இப்போதெல்லாம் வினாக்களைக் காட்டுவதற்கு முன்பே, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ‘அன்று’ அல்லது ‘இன்று’ என்று பென்சிலால் குறிக்கச் சொல்கிறேன். கடிகாரப் பத்தியை அவ்வாறு குறித்துக்கொண்டு வந்த ஒரு மாணவி, கடைசி வாக்கியத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு ‘பார்த்தேன்’ என்பதற்கும் ‘கவனிக்கவில்லை’ என்பதற்கும் நடுவே ஒரு சிறு கோடு கிழித்து, இரு பக்கத்திலும் வெவ்வேறு சொல்லை எழுதினாள்.