யவீருவின் வீட்டில் ரெப்பின்

ஜூன் 3

ரஷ்ய ஓவியர் இல்யா ரெப்பின் 1871இல் வரைந்த ‘யவீருவின் மகளை உயிர்ப்பித்தல்’ ஓவியத்தைக் கணினித் திரை முழுக்க விரித்துவைத்துப் பார்த்தேன். அசல் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் மட்டுமே கிட்டத்தட்ட 4 மீட்டர். அவர் படித்த பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தின் பெரிய தங்கப் பதக்கப் போட்டிக்காக, கழகம் கொடுத்த தலைப்பில் வரைந்தது.

இயேசு படுக்கையருகே நின்று சிறுமியின் கையைப் பிடித்திருக்கிறார். அவளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. தலைமாட்டில் எரியும் விளக்கொளி அவள்மேல் விழுகிறது. தேவதூதர்கள் யாரும் இறங்கி வரவில்லை. அற்புதத்துக்கு ஒரு நொடி முன்பே ரெப்பின் நிறுத்திவிட்டார். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜூன் 4

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஜெப ஆலயத் தலைவர் யவீருவின் மகள் கதையை மறுபடி படித்தேன். பெண்ணுக்கு வயது 12. அழுது புலம்புகிறவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் சீடர்கள் பேதுரு, யாக்கோபு, யோவானையும் மட்டும் இயேசு உள்ளே அழைத்துப் போகிறார். படத்தில் இருட்டோடு ஒதுங்கி நிற்பது இந்த ஐவர்தான். பெற்ற மகள் போய்விட்டாள், இனி என்ன என்று தெரியாமல் நிற்பவர்களின் அருகே நம்மையும் நிறுத்திவிடுகிறார் ஓவியர். அவள் எழுந்ததும், சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் இயேசு. பெற்றவர்களுக்கு அப்போது அதைவிடப் பெரிய ஆறுதல் ஏது!

ஜூன் 7

இந்தப் படம் ரெப்பினுக்கு லேசில் வரவில்லை. தலைப்பில் மனம் ஒட்டாமல் திணறியிருக்கிறார். சிறுவயதில் சகோதரி உஸ்த்யா இறந்தபோது வீடு எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது. சாவு வீட்டின் கனத்தை அவர் நேரில் அறிந்தவர். பெற்றோரின் அந்த நிலைகுத்திய நிற்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவரைத் தட்டிக்கொடுத்து வளர்த்த ஓவியர் கிராம்ஸ்கோய், 1863இல் கழகம் திணித்த தலைப்பை மறுத்து வெளியேறிய 14 பேரில் முதன்மையானவர். ரெப்பினோ உள்ளேயே இருந்து, கொடுத்த தலைப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

ஜூன் 8

பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு அதே தலைப்பில் சக ஓவியர் பொலேனவும் தங்கம் வாங்கினார். பரிசில் வெளிநாட்டுப் பயணமும் சேர்த்தி. ஆனால் ரெப்பின் உடனே கிளம்பவில்லை. 1870 கோடையிலேயே வோல்கா கரைக்குப் போய், கயிறு கட்டிப் படகு இழுக்கும் கூலிகளை வரைந்து வந்திருந்தார். அந்தப் பெரிய ஓவியத்தை 1873இல் முடித்துவிட்டுத்தான் இத்தாலிக்கும் பாரிசுக்கும் புறப்பட்டார்.